நகரத் தொகுதி ஒன்றின் அரசியல் வரலாற்றை எழுதும் முறை: தென்சென்னையை முன்வைத்து

ஒரு மக்களவைத் தொகுதியின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் வெற்றி பெற்றவர்களின் பட்டியலில் இருந்துதான் தொடங்குகிறார்கள். தென்சென்னைக்கு அந்தப் பட்டியல் கவர்ச்சியாகவே இருக்கும்: 1957-இல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, 1962-இல் நாஞ்சில் மனோகரன், 1967-இல் அண்ணா, பின்னர் முரசொலி மாறன், ஆர்.வெங்கட்ராமன், வைஜெயந்திமாலா, டி.ஆர்.பாலு. இந்தப் பட்டியலைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டுத் தொகுதியின் எல்லையை முதலில் கையில் எடுங்கள். பெயர் மாறாமல் இருக்க, அதன் கீழுள்ள நிலமும் மக்களும் மாறிக்கொண்டே வந்திருப்பதுதான் நகரத் தொகுதிகளின் இயல்பு.

எல்லைக்கு ஆதாரம் தொகுதி மறுவரையறை ஆணைகள். 1952 தேர்தலில் சென்னை என்ற பெயரில் ஒரே தொகுதி இருந்தது. 1957-இல் அது வடக்கு, தெற்கு என இரண்டானது. 1977-இல் மத்திய சென்னையும் சேர்ந்து மூன்றானது. இவற்றைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது 2008-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மறுவரையறையை. அதுவரை தென்சென்னையில் இருந்த ஆலந்தூரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்குப் போயின. விருகம்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் ஆகிய புதிய சட்டமன்றத் தொகுதிகள் மயிலாப்பூர், தியாகராய நகர், சைதாப்பேட்டை ஆகியவற்றுடன் சேர்ந்தன. புதிய பெயர் என்றால் புதிய நிலம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆணையின் அட்டவணையில் உள்ள வார்டு, ஊராட்சிப் பெயர்களைப் பழைய அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் எது எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

இந்த உழைப்பின் பயனை 2009 தேர்தலிலேயே காணலாம். 1996 முதல் நான்கு தேர்தல்களில் தி.மு.க. தொடர்ந்து வென்ற தென்சென்னையை அவ்வாண்டு அ.தி.மு.க.வின் சி.ராஜேந்திரன் கைப்பற்றினார். “கோட்டை சரிந்தது” என்று ஒரே வரியில் எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த நான்கு முறையும் வென்ற டி.ஆர்.பாலு, தனித்தொகுதியாக இருந்து அப்போதுதான் பொதுத்தொகுதியாகியிருந்த ஸ்ரீபெரும்புதூரில் போட்டியிட்டு வென்றார். அவருடைய பழைய வாக்காளர்களில் ஒரு பகுதியினர் அங்கேதான் இருந்தார்கள். எனவே 2004 முடிவையும் 2009 முடிவையும் ஒரே தொகுதியின் இரு முடிவுகளாக வைத்து வாக்கு விழுக்காட்டைக் கழித்துப் பார்ப்பது தவறான கணக்கு.

அடுத்து, ஒவ்வொரு தேர்தலுக்கும் எதிரே கட்சியின் பெயரோடு கூட்டணியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.வெங்கட்ராமன் 1977-இலும் 1980-இலும் இங்கே காங்கிரஸ் வேட்பாளராக வென்றார் என்பது உண்மை. ஆயினும் முதல் முறை அ.தி.மு.க.வும் இரண்டாம் முறை தி.மு.க.வும் அவருக்குத் தோள் கொடுத்தன. பாலுவின் கதையும் அப்படியே: 1999-இல் பா.ஜ.க. கூட்டணியிலும் 2004-இல் காங்கிரஸ் கூட்டணியிலும் அவர் வென்றார். கூட்டணியைக் குறிக்காமல் எழுதப்படும் வரலாறு, வாக்காளரின் மனமாற்றத்தையும் தலைவர்களின் தொகுதிப் பங்கீட்டையும் ஒன்றாகக் குழப்பிவிடும்.

இடைத்தேர்தல்களைத் தனியே தேடிச் சேர்க்க வேண்டும். பொதுத்தேர்தல் அறிக்கைகளை மட்டும் பார்ப்பவர், 1967-இல் அண்ணா, 1971-இல் மாறன் என்று எழுதிக் கடந்துவிடுவார். முதலமைச்சரான அண்ணா மக்களவை உறுப்பினர் பதவியை விட்டு விலகி மாநிலச் சட்ட மேலவைக்குச் சென்றதையும், அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் மாறன் முதன்முறையாக மக்களவைக்குள் நுழைந்ததையும் அவர் தவறவிட்டிருப்பார்.

இனித் தொகுதிக்குள் இறங்கலாம். வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் படிவம் 20-இல் கிடைக்கும். அண்மைத் தேர்தல்களுக்கு இவற்றைத் தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலேயே பெறலாம். அஞ்சல் வாக்குகள் சாவடி வாரியாகப் பிரிக்கப்படாமல் இறுதியில் மொத்தமாகச் சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால் கூட்டலில் கவனம் தேவை. தொடங்குவதற்குச் சோழிங்கநல்லூரை எடுத்துக்கொள்ளப் பரிந்துரைப்பேன். தமிழகத்திலேயே மிக அதிக வாக்காளர்களைக் கொண்ட சட்டமன்றத் தொகுதிகளின் வரிசையில் முன்னிற்கும் அதில், பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், கடலோர மீனவர் குப்பங்களும், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கூவம், அடையாறு கரைகளில் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் தங்கள் வாக்கையும் சுமந்துகொண்டு இங்கே வந்திருக்கின்றன. ஆகவே கண்ணகி நகரின் ஒரு சாவடியில் பதிவாகும் வாக்குப் போக்கின் வேரை நகரின் நடுவே இருந்த பழைய குடிசைப் பகுதிகளில் தேட வேண்டியிருக்கும். மறுவரையறை ஆணை எதிலும் இடம்பெறாத எல்லை மாற்றம் இது. என் கருத்தில், இந்தத் தொகுதியைப் பற்றி எழுத வேண்டியவற்றுள் முதன்மையானதும் இதுவே.

வாக்குப்பதிவு விழுக்காட்டையும் விடக்கூடாது. 2019, 2024 ஆகிய இரு தேர்தல்களிலும் மாநிலச் சராசரி 69 விழுக்காட்டைத் தாண்டியபோது தென்சென்னை 60-ஐயே எட்டவில்லை. படித்தவர்கள் வாக்களிப்பதில்லை என்ற வழக்கமான குறைகூறலோடு நின்றுவிடாமல், வீடு மாறியவர்களின் பெயர்கள் பழைய முகவரியிலேயே பட்டியலில் தங்கியிருப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பழைய பிரச்சாரச் செய்திகளுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகமும் உதவும்.

வெற்றி பெற்றவர்களின் பட்டியலுக்கு இப்போது திரும்பலாம். ஆனால் அதன் பக்கத்தில் தோற்றவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 1984-இல் வைஜெயந்திமாலாவிடம் தோற்றவர் நாடாளுமன்ற அனுபவம் மிக்க இரா.செழியன். 2024-இல் தமிழச்சி தங்கபாண்டியன் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வேறுபாட்டில் மீண்டும் வென்றபோது, பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராஜன் இரண்டாம் இடம் பெற, பத்தாண்டுகளுக்கு முன் இதே தொகுதியில் வென்ற அ.தி.மு.க.வின் ஜெயவர்தன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்.