வண்டியோடு வரும் நேவிகேஷன்: சென்னை டிரைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷோரூமில் புது வண்டி டெலிவரி எடுக்கும் காட்சி பலருக்கும் தெரிந்ததுதான். பானெட்டில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், குடும்பத்தோடு ஒரு போட்டோ. அப்புறம் ஷோரூம் ஆள் முதலாளியை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, ஸ்கிரீனைத் தொட்டுத் தொட்டு அரை மணி நேரம் விளக்குவார். மறுநாளிலிருந்து தினமும் அந்த வண்டியை ஓட்டப் போகிற டிரைவர் அந்த நேரத்தில் வெளியே நின்று பழைய வண்டியிலிருந்து குடையையும் சாமி படத்தையும் எடுத்துக்கொண்டிருப்பார்.

நான் நுங்கம்பாக்கம், போட் கிளப் பக்கம் 18 வருஷமாக வீட்டு டிரைவராக இருக்கிறேன். மூன்று ஜெர்மன் கம்பெனி வண்டிகளையும் ஓட்டியிருக்கிறேன். இன்று வேலைக்கு வரும் தம்பிகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஒரு கோடி ரூபாய் வண்டியில் பெரிய ஸ்கிரீன் சும்மா எரிந்துகொண்டிருக்கும். தம்பி தன் போனை ஏசி கிரில்லில் மாட்டிக்கொண்டு அதைப் பார்த்து ஓட்டுவார். கேட்டால், "இந்த மேப் வேலைக்கு ஆகாதுண்ணே" என்பார். ஆகும். அதை நாம் நடத்துகிற விதத்தில்தான் கோளாறு.

அதனால் முதல் தவறு முதலாளிகளுடையது. டெலிவரி அன்று டிரைவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெரும்பாலான சொகுசு கார்களில் ஒவ்வொருவருக்கும் தனி புரொஃபைல் வைக்கலாம். டிரைவருக்கு என்று ஒன்று போட்டுக் கொடுத்தால், பள்ளிக்கூடம், ஆபீஸ், பாட்டியின் டாக்டர் என்று தினசரி இடங்களை அவரே சேமித்துக்கொள்வார். சாரின் போன் எண்களும் மெசேஜும் அவர் கண்ணில் படாது. இருவருக்கும் நிம்மதி.

போனையும் வண்டியையும் ஒன்றாக நினைப்பது

போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது, வண்டியிலும் இருக்கிறது, அப்புறம் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். வண்டியின் ஆன்டெனா பெரும்பாலும் கூரையில், வானத்தைப் பார்த்து இருக்கும். அதோடு, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் சிக்னல் அறுந்தாலும், கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கணக்குப் போட்டு அம்புக்குறியை அது நகர்த்தும். மெட்ரோ தூண்களுக்கு அடியில் ஓடும் ஜவாஹர்லால் நேரு சாலையிலும், பெரிய மால்களின் பேஸ்மென்ட் பார்க்கிங்கிலும் போன் திணறுவதையும் வண்டி திணறாததையும் பலமுறை பார்த்திருக்கிறேன். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள கண்ணாடி போட்ட வண்டியில் போனின் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கண்ணாடிகளில் ஃபாஸ்டேக் ஒட்டவே ரியர் வியூ மிரர் பக்கம் பூச்சில்லாத தனி இடம் விட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் வேறு இடத்தில் ஒட்டிவிட்டு டோல்கேட்டில் வரிசையை நிறுத்தி வைப்பதும் நடக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு சக்கரத்தை நம்பியிருக்கிறது. டயர் மாற்றியதும், பேட்டரியைக் கழற்றி மாட்டியதும், வண்டியை லாரியில் ஏற்றி இறக்கியதும் அம்புக்குறி கொஞ்சம் விலகி நிற்கலாம். உடனே "மேப் போச்சு" என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். வானம் திறந்த சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டினால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பெங்களூரு வரை சுமார் 350 கிலோமீட்டர் போகிறீர்கள், வழியில் வேகமாக சார்ஜ் ஏற்ற வேண்டும். சார்ஜிங் நிலையத்தை வண்டியின் நேவிகேஷனில் போட்டால், பல மாடல்களில் அங்கே போய்ச் சேர்வதற்குள் பேட்டரியைச் சரியான வெப்பத்துக்கு வண்டியே கொண்டுவந்து வைக்கும். போனில் மட்டும் வழி பார்த்தால், நாம் சார்ஜ் ஏற்றப் போகிறோம் என்பது பெரும்பாலான வண்டிகளுக்குத் தெரியாது. அப்புறம் சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்று அங்கே நின்று வருத்தப்படுவோம்.

முகவரியை அவசரமாகப் போடுவது

என் அனுபவத்தில் சென்னையில் வழி தவறுவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஒருநாள் முதலாளியின் அம்மாவை ஒரு வளைகாப்புக்குக் கூட்டிப்போக வேண்டும். பெரியம்மா ஏறி உட்கார்ந்ததும், "செகண்ட் அவென்யூப்பா, சீக்கிரம் போ" என்றார். நானும் அதையே ஸ்கிரீனில் போட்டு, முதலில் வந்ததைத் தொட்டுவிட்டுக் கிளம்பினேன். வண்டி நேராக அண்ணா நகருக்குப் போனது. வளைகாப்பு பெசன்ட் நகரில். அசோக் நகரிலும் இந்திரா நகரிலும்கூட செகண்ட் அவென்யூ உண்டு. நகரத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குத் திரும்பி வந்தபோது வளையல் போட்டு முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து பின்கோடு கேட்காமல் கிளம்புவதில்லை. பெசன்ட் நகர் 600090, அண்ணா நகர் 600040. பட்டியலில் வரும் பெயரின் பக்கத்தில் தூரமும் காட்டும். ஏழு கிலோமீட்டர் என்று நினைக்கிற இடம் பதினைந்து என்று காட்டினால் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிட வேண்டும்.

கதவு எண் இன்னொரு தொல்லை. நம் ஊரில் பல தெருக்களில் புதிய எண், பழைய எண் என்று இரண்டு இருக்கிறது. வரைபடத்தில் எது ஏறியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. எண்ணை நம்பி நின்றால் தெருவின் மறுமுனையில் நிற்போம். தெருப்பெயரும் அப்படியே. பெரியவர்கள் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்பார்கள், போர்டில் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. மௌபரீஸ் ரோடு இப்போது டி.டி.கே. சாலை, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை. வண்டியில் ஏறும் எழுபது வயதுக்காரர் பழைய பெயரைத்தான் சொல்வார், அது அவர் உரிமை. புதிய பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நம் வேலை.

ஆங்கில எழுத்தில் நம் ஊர்ப் பெயர்களைத் தட்டுவதும் சுலபமில்லை. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி 2020 ஜூனில் அரசாணை வந்தது, அதே மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அரசாங்கத்துக்கே அவ்வளவு சிக்கல் என்றால் ஸ்கிரீனுக்கு எவ்வளவு இருக்கும்! முழுப்பெயரையும் தட்டாதீர்கள். முதல் நான்கைந்து எழுத்தைப் போட்டுவிட்டு வரும் பட்டியலில் தேடுங்கள். குரலில் சொல்வதானால் "திருவல்லிக்கேணி" பல வண்டிகளுக்குப் புரிவதில்லை. "டிரிப்ளிகேன்" என்றால் உடனே பிடித்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் நல்ல வழி, போகும் வீட்டிலிருந்து லொகேஷன் வாங்கி, கார் கம்பெனியின் செயலி வழியாக வண்டிக்கு அனுப்பிவிடுவது. செயலி இல்லை என்றால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நேரடியாகப் போடலாம். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. போன் 13.0827 என்று தசமத்தில் கொடுக்கும். சில வண்டிகள் பாகை, கலை, விகலை (டிகிரி, மினிட், செகண்ட்) என்று மூன்று பெட்டி காட்டும். நிறையப் பேர் 13, 08, 27 என்று அப்படியே பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். 13.0827 என்பது உண்மையில் 13 பாகை, 4 கலை, 58 விகலை. தப்பாகப் போட்டால் ஆறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய் நிற்பீர்கள். செட்டிங்கில் தசம முறைக்கு மாற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இதையெல்லாம் வண்டி நிற்கும்போதே செய்துவிட வேண்டும். கையில் பிடிக்கும் போனை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் மட்டும் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. பெரிய ஸ்கிரீனில் தட்டினாலும் கவனம் அதே அளவுதான் சிதறும்.

பழைய வரைபடத்தை நம்பிப் போவது

வண்டிக்குள் இருக்கும் வரைபடம், யாரோ ஒருநாள் சாலைகளை அளந்து, தொகுத்து, ஏற்றியது. ஷோரூமை விட்டு வெளியே வரும் நாளிலேயே அதற்குக் கொஞ்சம் வயதாகியிருக்கும். சென்னையோ மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. அதற்கு முந்தைய வரைபடத்தில் பஸ் ஸ்டாண்ட் என்று தேடினால் கோயம்பேடுக்குக் கூட்டிப்போகும். விமான நிலையத்தில் பன்னாட்டு விமானங்கள் புதிய இரண்டாம் முனையத்துக்கு மாறியதும் அதே 2023-ல்தான். மெட்ரோ இரண்டாம் கட்டம் 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேலை. லஸ், மந்தைவெளி, ஆற்காடு சாலை, ஓ.எம்.ஆர். என்று எங்கே எது ஒன் வே ஆகும் என்று போக்குவரத்து போலீஸ் அறிவிக்கும்போதுதான் தெரியும்.

அப்டேட் என்று ஸ்கிரீனில் வந்தால் "பிறகு" என்று தள்ளிக்கொண்டே போகிறோம். தள்ளாதீர்கள். சில வண்டிகளில் இன்டர்நெட் வழியாகத் தானே வந்து இறங்கும், சிலவற்றுக்கு பென் டிரைவில் இறக்கி ஏற்ற வேண்டும். எத்தனை வருஷம் இலவசம், எப்போது முடிகிறது என்று டெலிவரி பேப்பரில் பார்த்து வையுங்கள். நேரடிப் போக்குவரத்து நிலவரமும் சந்தாவில்தான் ஓடுகிறது. அது முடிந்தால் வண்டி சத்தம் போட்டுச் சொல்லாமல் போகலாம். சிவப்பு, மஞ்சள் கோடுகள் மட்டும் மறைந்துவிடும். எல்லாச் சாலையும் காலியாக இருப்பதாக நினைத்து அது வழி போடும், நாமும் மாலை ஆறு மணிக்குக் கிண்டியில் மாட்டிக்கொள்வோம்.

மழைக்காலத்தில் எந்த நேவிகேஷனையும் முழுசாக நம்பாதீர்கள். துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை எல்லாம் ஸ்கிரீனில் எப்போதும் திறந்தே இருக்கும். சொகுசு செடான்கள் தரையோடு ஒட்டிப் போகிறவை. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்காவிட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் கையிலிருந்துதான் போகும். கோடு உள்ளே போகச் சொன்னாலும், தண்ணீர் தெரிந்தால் நில்லுங்கள். பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதிகளும், ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக் காலைகளில் காமராசர் சாலையும் அப்படித்தான்: ஸ்கிரீனில் திறந்திருக்கும், நேரில் போனால் மூடியிருக்கும். காலையில் பேப்பர் பார்க்கிற டிரைவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

செட்டிங்கில் "குறைந்த தூரம்" என்று இருந்தால் "குறைந்த நேரம்" என்று மாற்றிவிடுங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான வண்டியைச் சௌகார்பேட்டைச் சந்தில் நுழைத்துவிட்டு ரிவர்ஸில் வருவது பெரிய வேதனை.

இரண்டு குரலையும் கேட்பது

போன் ஒருபக்கம் பேசும், வண்டி ஒருபக்கம் பேசும், பின் சீட்டிலிருந்து சார் மூன்றாவது வழி சொல்வார். கத்திப்பாராவில் இது ஆபத்து. அது இலை வடிவ மேம்பாலம். கிண்டியிலிருந்து வந்து வடபழனி பக்கம் வலதுபுறம் போக வேண்டுமானால், பாலத்தைத் தாண்டி இடதுபுறம் ஒதுங்கி வளைந்து ஏற வேண்டும். வண்டி "இடது" என்று சொல்வது சரி. புதிதாக வருகிறவர் "வலதுதானே போகணும்" என்று கடைசி நொடியில் லேன் மாறுவார். கிளம்பும் முன் ஏதாவது ஒன்றின் குரலை நிறுத்திவிடுங்கள். மேப்பைச் சுருக்கி முழு வழியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போதும் வாங்கும்போதும் அழிக்காமல் விடுவது

செகண்ட் ஹேண்டில் சொகுசு கார் வாங்குகிறவர்கள் சென்னையில் நிறைய. நண்பர் ஒருவருக்காக அப்படி ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனேன். ஸ்கிரீனில் "வீடு" என்பதைத் தொட்டதும் முன்பு வைத்திருந்தவரின் வீட்டுக்கு வழி காட்டியது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நகைக்கடை, தினமும் போன நேரங்கள், எல்லாம் இருந்தது. விற்கிறவர்கள் செட்டிங்கில் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, செயலியிலிருந்தும் வண்டியை நீக்குங்கள். வாங்குகிறவர்களும் சும்மா இருக்கக் கூடாது. பழைய உரிமையாளரின் கணக்கு இன்னும் இணைந்திருந்தால், உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் போனில் தெரியக்கூடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கை உங்கள் கண்ணெதிரே நீக்கச் சொல்லுங்கள்.