லை, லே: படுத்ததா, கிடத்தியதா?

'நேற்று மதியம் கொஞ்ச நேரம் படுத்தேன்' என்பதை ஆங்கிலத்தில் 'ஐ லெய்ட் டவுன்' என்று எழுதுபவர்கள் ஏராளம். 'ஐ லே டவுன்' என்பதே சரி. 'லே' நிகழ்காலச் சொல்லாயிற்றே என்று தோன்றினால், அது வேறு 'லே'.

படுப்பதற்கு 'லை', ஒன்றைக் கிடத்துவதற்கு 'லே'. நம் இலக்கணப்படி முன்னது தன்வினை, பின்னது பிறவினை. கிட, கிடத்து மாதிரி. பழைய ஆங்கிலத்தில் இவை 'லிட்ஜன்', 'லெட்ஜன்'. உயிரொலியை மாற்றிப் பிறவினையாக்கும் அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் சில உண்டு: 'சிட்' உட்கார், 'செட்' வை, 'ஃபால்' விழு, 'ஃபெல்' மரத்தை வெட்டி வீழ்த்து. ஜெர்மன் மொழி இன்றும் 'லீகன்', 'லேகன்' என்று குழப்பமில்லாமல் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில்தான் தன்வினையின் இறந்தகாலம் தேய்ந்து தேய்ந்து, பிறவினையின் நிகழ்காலத்தோடு ஒரே ஒலியாகிவிட்டது. ஆங்கிலேயரே தடுமாறுவது இதனால்தான்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை இவ்வளவே. படு: லை, லே, லெய்ன். கிடத்து: லே, லெய்ட், லெய்ட். பொய் சொல்: லை, லைட், லைட். கடைசி வினையின் வேரே வேறு, 'லேயோகன்'.

எழுதும்போது 'எதை?' என்று கேளுங்கள். விடை கிடைத்தால் 'லே'. கோழி எதை இடுகிறது? முட்டையை, ஆகவே 'லேஸ்'. 'த ஃபைல் இஸ் லேயிங் ஆன் த டேபிள்' என்று அலுவலக மெயிலில் எழுதினால், அந்த ஃபைல் மேசைமேல் முட்டையிடுவதாகத்தான் அர்த்தம். கோப்பு சும்மா கிடக்கிறது, எனவே 'லையிங்'. நோயாளியைப் படுக்கச் சொல்ல 'லை டவுன்'. குழந்தையைக் கிடத்தச் சொன்னால் 'லே த பேபி டவுன்'.

செயப்பாட்டு வினையில் மட்டும் கவனம். 'த ஃபவுண்டேஷன் ஸ்டோன் வாஸ் லெய்ட்' சரியானதே. எழுவாய் இடத்தில் நின்றாலும் நாட்டப்பட்டது கல்தான். 'லெய்ட்' என்பதன் எழுத்துகள் எல், ஏ, ஐ, டி. 'லே'யுடன் இ, டி சேர்த்து எழுதுவது பிழை.

'ஹேட்' வந்தால் 'லெய்ன்': இரவெல்லாம் தூங்காமல் படுத்திருந்தால் 'ஹேட் லெய்ன் அவேக்'. பேச்சில் இது கொஞ்சம் விறைப்பாகத்தான் ஒலிக்கும். 'ஹேட் பீன் லையிங் அவேக்' என்றால் இயல்பாக இருக்கும், பிழையும் இல்லை.