தொகுதி மறுவரையறை: ஆட்சேபனை மனு எழுதும் முன் கால்குலேட்டரை எடுங்கள்

தாலுகா அலுவலகத்தில் தேர்தல் பிரிவில் இருந்தபோது, தொகுதி எல்லைகளை மாற்றி வரையும் வரைவை எதிர்த்து வரும் இந்த மனுக்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே ராகம்: 'காலங்காலமாக இந்தத் தொகுதியில்தான் ஓட்டுப் போடுகிறோம், மாற்றாதீர்கள்.' சேரன்மகாதேவியும் சாத்தான்குளமும் தொகுதிகளாகவே இல்லாமல் போயின. பழக்கத்தைச் சொன்னால் யார் கேட்பார்கள்?

முதலில் சராசரியைப் போடுங்கள். 2008-இல் வந்த பிரிப்புக்கு 2001 கணக்கெடுப்பு அடிப்படை. தமிழ்நாட்டு மக்கள்தொகை 6,24,05,679, இடங்கள் 234. தொகுதிக்குச் சுமார் 2,66,700 பேர். 10 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். இது தலைக்கணக்கு, கைக்குழந்தையும் சேர்த்து. வாக்காளர் பட்டியலைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பாவம், ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கூட்டியிருப்பார்கள்.

அடுத்து, ஊர்ப்பெயர். கணக்கெடுப்பு அட்டவணையில் வருவாய் கிராமத்தின் பெயர்தான் இருக்கும். நீங்கள் பஸ் கண்டக்டரிடம் சொல்லும் பெயர் ஏதோ ஒரு கிராமத்தின் குக்கிராமமாக இருக்கலாம். வி.ஏ.ஓ.விடம் கேட்டுச் சரிபாருங்கள். நகர்த்துவதானால் கிராமத்தை முழுசாக நகர்த்துங்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். எங்கள் ஊருக்காக அப்பா பெயரில் நானே ஒரு மனு எழுதினேன். நாலாயிரம் பேர் உள்ள கிராமம், ஆற்றுக்கு அந்தப் பக்கத் தொகுதியில் சேர்த்துவிட்டார்கள், ஆற்றில் பாலம் இல்லை, மழைக்காலத்தில் 14 கிலோமீட்டர் சுற்று என்று உருக்கமாகவே எழுதினேன். அந்த நாலாயிரம் பேருக்குப் பதிலாக அந்தப் பக்கத் தொகுதியில் யாரைச் சேர்ப்பது என்று எழுத மறந்துவிட்டேன். மனு எடுபடவில்லை. தினமும் மனு வாங்கிய எனக்கே இந்தக் கதி. அதனால் வெளியே எடுக்கும் கிராமம், உள்ளே வரும் கிராமம், மாற்றத்துக்குப் பிறகு இரண்டு தொகுதிகளின் மக்கள்தொகை, மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, தாலுகா வரைபடத்தில் கோடு போட்டு இணையுங்கள்.

எம்.எல்.ஏ.வைப் பிடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2002 மறுவரையறைச் சட்டப்படி 5 எம்.பி.க்களும் 5 எம்.எல்.ஏ.க்களும், எல்லைகளை வரையும் மறுவரையறை ஆணையத்தில் இணை உறுப்பினர்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அவர்கள் கேட்டுக்கொண்டால் அவர்களுடைய மாற்று யோசனை வரைவோடு சேர்ந்தே அரசிதழில் அச்சாகும். அதைப் படித்துப் பாருங்கள், உங்களுக்கு வேண்டிய கணக்கை அங்கே ஒருவர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கலாம்.

வரைவில் குறித்த தேதிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். இறுதி ஆணை வந்துவிட்டால் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அப்புறம், ஆணையத்தின் பொது அமர்வுக்கு நேரில் போங்கள். எழுந்ததும் ஆற்றைப் பற்றி ஆரம்பிக்காமல் எண்ணைச் சொல்லுங்கள்.