பூனை இருக்கும் வீட்டில் எந்தச் செடி வேண்டாம்?

முதலில் லில்லி. இலை, இதழ் எதைக் கடித்தாலும் ஆபத்துதான், அதைவிட, ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தைப் பூனை நக்கினாலோ ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோ கூட 3 நாளுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம், அதனால் உயரத்தில் வைத்தால் போதும் என்று நினைக்காமல் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அரளி இதயத்தைத் தாக்கும். செங்காந்தளும் வேண்டாம், அதன் கிழங்கில் கொல்கிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. மணிபிளான்ட் அந்த அளவுக்கு மோசமில்லை, வாய் எரிந்து எச்சில் ஒழுகும், எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

சரி, கடித்துவிட்டதா? வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீரைப் புகட்டவே புகட்டாதீர்கள். ரோமத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, செடியில் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வாந்தி நின்றுவிட்டதே என்று காத்திருக்க வேண்டாம், லில்லி விஷத்தில் பூனை நடுவில் தேறிவிட்டது போலத்தான் தெரியும்.