பி.எச். நிற்கவே மாட்டேன் என்கிறதா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "நேத்துதானே பி.எச். சரி பண்ணிட்டுப் போனீங்க அண்ணே, மறுபடியும் இறங்கிடுச்சு!" புதுச்சேரியில் ஏழெட்டு கெஸ்ட் ஹவுஸ் பூல்களை நான் பார்த்துக்கொள்கிறேன். பி.எச். என்பது தண்ணீர் ஆசிட் பக்கமா, காரப் பக்கமா என்று காட்டும் எண். அது நிற்கவில்லை என்று போன் வந்தால் நான் முதலில் பார்ப்பது ஆல்கலினிட்டியைத்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், உள்ளே வருகிற ஆசிட்டைத் தாங்கிக்கொண்டு பி.எச்.சை ஆடாமல் பிடித்து வைக்கும். அந்தத் தாங்கும் சக்திதான் ஆல்கலினிட்டி. அது 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு) இருக்க வேண்டும். மழைத் தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் நாலு நாள் அடைமழை பெய்து பூல் வழிந்தாலே அளவு இறங்கிவிடும்.

அளந்து பார்க்க, முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுத்து, டெஸ்ட் கிட்டில் உள்ள மருந்தைக் கலந்தால் பச்சையாகும். அடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆட்டுங்கள். சிவப்பானதும் நிறுத்திவிடுங்கள். என் கிட்டில் ஒரு சொட்டுக்கு 10 பி.பி.எம். ஆறு சொட்டில் சிவந்தால் 60 பி.பி.எம்.

குறைவாக இருந்தால் சமையல் சோடா. 50,000 லிட்டர் பூலில் 10 பி.பி.எம். ஏற்ற சுமார் 850 கிராம் பிடிக்கும். 60-ஐ 90 ஆக்க இரண்டரை கிலோ. பாதியைப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் கடையில் வெறுமனே "சோடா" என்று கேட்டு, கொடுத்ததைக் கொட்டிவிட்டேன். அது சலவை சோடா! பி.எச். எகிறி, போர் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு பிரிந்து, விடிந்து பார்த்தால் பூல் மோர் மாதிரி நிற்கிறது. தோளில் துண்டோடு ஒரு குடும்பமே கரையில் நின்றது.

போர் தண்ணீர் விடும் பூல்களில் பெரும்பாலும் மழைக்கு நேர்மாறாக ஆல்கலினிட்டி அதிகமாக இருக்கும். டைல்ஸ் ஓரம் வெள்ளைக் கோடு படிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அளந்து பார்த்து அதிகமாக இருந்தால், அதே 50,000 லிட்டருக்கு 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு லிட்டர் சுமார் 10 பி.பி.எம். இறக்கும். பக்கெட் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. குளோரின் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள். ஒரே இடத்தில் கொட்டினால் ஆல்கலினிட்டி மட்டும் இறங்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் நம்புவதில்லை, தரைதான் அரிக்கும்.

ஆசிட் விட்டால் பி.எச்.சும் கூடவே இறங்கும். 7.2-க்கு வந்ததும் நிறுத்திவிட்டு, தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாயை மேலே திருப்பிவிடுங்கள். தண்ணீர் கொப்பளிக்கக் கொப்பளிக்கக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, ஆல்கலினிட்டி மாறாமல் பி.எச். மட்டும் ஏறும். விருந்தாளிகள் அதை ஊற்று என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.