மைக்ரோலைட்: முதல் தடவை ஏறும் முன்

இங்கிலாந்தில் மைக்ரோலைட்டில் (ஒருவரோ இருவரோ ஏறும் மிக இலேசான விமானத்தில்) பறக்க ஆசையா? வெறும் சவாரியாகக் கேட்காமல், பயிற்றுநரோடு முதல் பாடமாகவே பதிவு செய்யுங்கள். பின்னால் உரிமம் எடுக்கப் போனால் அந்த நேரமும் கணக்கில் சேரும். கட்டுப்பாடுகள் இல்லாத உரிமத்துக்குக் குறைந்தது 25 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 10 மணி தனியாக. (பலருக்கு அதைவிடக் கூடவே ஆகும்.)

நிலையான இறக்கை உள்ள வகை சின்ன விமானம் மாதிரிதான். என் ஓட்டு திறந்த ஃபிளெக்ஸ்விங்குக்கு (துணி இறக்கைக்கு அடியில் இருக்கை தொங்கும் வகை). அதில் ஓட்டுபவர் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியை முன்னால் தள்ளினால் மூக்கு மேலே போகும், வேகம் குறையும். வலப்பக்கம் நகர்த்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். விமானம் ஓட்டிப் பழகிய கைகளுக்குத்தான் இதில் குழப்பம் அதிகம்.

முக்கியமான விஷயம்: புரொப்பெல்லர் உங்கள் முதுகுக்குப் பின்னால் சுழல்கிறது. நழுவும் கையுறையோ போனோ நேரே அதில் போய் அடிக்கலாம். ஜிப் வைத்த பைகள் உள்ள உடை போடுங்கள்; போன் காரிலேயே இருக்கட்டும். 1,000 அடிக்குச் சுமார் 2 டிகிரி வெப்பம் குறையும், போதாததற்கு எதிர்காற்று வேறு. கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

காலையோ மாலையோ நேரம் கேளுங்கள். நடுப்பகலில் தரையிலிருந்து எழும் சூடான காற்று வண்டியை உலுக்கும். வானிலையால் ரத்தானால் வேறு தேதி கிடைக்குமா என்று பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்.