குறிப்பை மட்டும் படித்து ஏஜென்ட்டால் வேலை செய்ய முடியுமா? கருவி விளக்கங்களை மதிப்பிடும் முறை

செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டுக்கு, அதாவது சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் மென்பொருளுக்கு, நாம் ஒரு கருவியை (அது அழைத்துப் பயன்படுத்தும் ஒரு நிரலை) கொடுக்கும்போது, அந்தக் கருவியின் மூலநிரல் பொதுவாக அதன் பார்வைக்குப் போவதில்லை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஜென்ட்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி (MCP) நெறிமுறையை எடுத்துக்கொண்டால், கருவியின் பெயர், அதைப் பற்றிய விளக்கம், உள்ளீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா ஆகியவையே முக்கியமாக ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடலுக்குச் சேருகின்றன. ஆவணம் மோசமாக இருந்தால் மனிதர் நிரலைத் திறந்து பார்ப்பார், பக்கத்து மேசைக்காரரைக் கேட்பார். ஏஜென்ட்டோ பெரும்பாலும் ஒன்றை ஊகித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இத்தகைய கருவிகளை ஏஜென்ட்டுக்கு வழங்கும் மென்பொருளைச் சர்வர் என்பார்கள்; ஒரு நூலகத்தின் சர்வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அதில் நூல் தேடவும், முன்பதிவு செய்யவும், முன்பதிவை நீக்கவும் மூன்று கருவிகள் இருக்கின்றன. முன்பதிவுக் கருவியின் விளக்கம் “முன்பதிவைக் கையாளும்” என்ற இரண்டே சொற்கள். உள்ளீடுகள் “ஐடி”, “தேதி” என இரண்டு. இரண்டுக்கும் வகை வெறும் எழுத்துச்சரம், அதாவது எதை எழுதினாலும் ஏற்கும்.

முதல் படி: மாடல் பார்ப்பதை மட்டும் பாருங்கள்

எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற இலவச மென்பொருளை உங்கள் சர்வருடன் இணைத்தால், கருவிப் பட்டியலை உலாவியிலேயே பார்க்கலாம். எம்சிபி பயன்படுத்தாதவர்கள், மாடலுக்குப் போகும் கோரிக்கையை லாகில் (பதிவுக் கோப்பில்) பதிந்து அதிலிருந்து கருவிப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அதை ஒரு தனிக் கோப்பில் ஒட்டிவிட்டு மூலநிரலை மூடிவிடுங்கள். நிரலை எழுதியவருக்கு இது கடினம், ஏனென்றால் குறிப்பில் இல்லாததை அவர் மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். முடிந்தால் அந்தத் திட்டத்தில் வேலை செய்யாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

இரண்டாம் படி: விளக்கத்தைக் கேள்வி கேளுங்கள்

இந்தக் கருவி என்ன செய்கிறது, எப்போது அழைக்க வேண்டும், எப்போது அழைக்கக் கூடாது, என்ன திருப்பித் தரும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விளக்கத்தில் பதில் இருக்க வேண்டும். மூன்றாவது கேள்விதான் அதிகம் விடுபடுகிறது. “கையாளும்” என்ற சொல் நீக்குவதையும் குறிக்கலாம் என்பதால், முன்பதிவை ரத்து செய்யச் சொன்னாலும் மாடல் இதே கருவியை அழைக்க இடமிருக்கிறது. நான் இதைப் பின்வருமாறு மாற்றி எழுதுவேன்:

“ஒரு நூலை ஓர் உறுப்பினர் பெயரில் ஒதுக்கி வைக்கும். நூல் எண் தெரியாவிட்டால் முதலில் நூல் தேடும் கருவியை அழைக்கவும். இருக்கும் முன்பதிவை மாற்றவோ நீக்கவோ இதைப் பயன்படுத்தக் கூடாது. வெற்றி பெற்றால் முன்பதிவு எண்ணைத் தரும்.”

இதற்கு மேல் நீட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. கருவி விளக்கங்கள் மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய உரையில் (அதன் சூழலில்) டோக்கன்களாக, அதாவது சிறு உரைத் துண்டுகளாக, இடம் பிடிப்பவை என்பதால், நாற்பது கருவிகளுக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதுவதும் ஒரு குறையே.

மூன்றாம் படி: உள்ளீடுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

என் அனுபவத்தில் பிழைகள் மிகுதியாக ஒளிந்திருக்கும் இடம் இதுதான். “ஐடி” என்பது உறுப்பினருடையதா, நூலுடையதா? “தேதி” என்ற இடத்தில் 03/04/2025 என்று வந்தால், நம் ஊர் வழக்கில் அது ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. இரண்டுமே செல்லுபடியாகும் தேதிகள் என்பதால் சர்வர் பிழை எதுவும் காட்டாது, நூல் தவறான நாளில் ஒதுக்கப்பட்டிருக்கும், யாருக்கும் தெரியாது. “ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், 2025-04-03 என்பது போல” என்று ஸ்கீமாவில் அந்த உள்ளீட்டின் விளக்கத்திலேயே எழுதினால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். கட்டாயமான உள்ளீடுகள் கட்டாயம் என்று குறிக்கப்பட்டுள்ளனவா, குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டுமே ஏற்கும் இடத்தில் அந்த மதிப்புகள் பட்டியலிடப்பட்டுள்ளனவா என்பதையும் பாருங்கள்.

நான்காம் படி: விளக்கம் உண்மை சொல்கிறதா?

இப்போது கருவியை உண்மையில் இயக்குங்கள், வேண்டுமென்றே தவறாகவும் இயக்குங்கள். பிழைச் செய்தியும் ஆவணத்தின் ஒரு பகுதிதான். “400 பிழை” என்று மட்டும் வந்தால் மாடலால் திருத்திக்கொள்ள முடியாது, “தேதி கடந்துவிட்டது, இன்றோ அதற்குப் பிந்தைய நாளோ தேவை” என்று வந்தால் முடியும். எம்சிபியில் ஒரு கருவி தரவை வாசிக்க மட்டும் செய்யுமா, அழிக்கவும் கூடுமா என்று குறிக்கும் வசதி உண்டு. குறிப்பு எதுவும் இல்லையென்றால் அழிக்கக்கூடியது என்பதே இயல்பான அனுமானம். அதனால் நூல் தேடும் அப்பாவிக் கருவிக்குக்கூட ஒவ்வொரு முறையும் பயனரிடம் அனுமதி கேட்கப்படலாம்.

ஐந்தாம் படி: ஏஜென்ட்டிடம் கொடுத்துப் பாருங்கள்

பயனர்கள் பேசும் விதத்திலேயே இருபது கேள்விகள் எழுதுங்கள். “அந்தச் சோழர் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து வையுங்கள், அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன்” என்பது நல்ல கேள்வி. நூல் எண்ணைத் தேட வேண்டும், இன்றைய தேதி தெரியாமல் வெள்ளிக்கிழமையைக் கணக்கிடவும் முடியாது. எந்தக் கருவியையும் அழைக்கக் கூடாத நான்கைந்து கேள்விகளையும் சேருங்கள். மாடலின் பதில் முறைக்கு முறை மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் ஐந்து முறையாவது ஓட்டி, சரியான கருவி அழைக்கப்பட்டதா, மதிப்புகள் சரியா, எத்தனை அழைப்புகள் ஆயின என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மாடலிடம் ஆவணத்தைக் கொடுத்துப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மேலோட்டமான குறைகளைப் பிடிக்க அது உதவும்; ஆனால் சரளமாக எழுதப்பட்ட பொய்யான விளக்கத்துக்கும் அது எட்டு மதிப்பெண் போட்டுவிடும் என்பதால், நான் அதை முதல் வடிகட்டலுக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

விளக்கத்தைத் திருத்தும்போது ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே கேள்விகளை மீண்டும் ஓட்டுங்கள். இருபதில் ஐந்தைத் திருத்தும் வேலைக்குப் பயன்படுத்தாமல் தனியே ஒதுக்கி, கடைசியில் மட்டும் ஓட்டுங்கள். மற்ற பதினைந்தில் தேறி இந்த ஐந்தில் தவறினால், அந்தப் பதினைந்து கேள்விகளுக்காகவே விளக்கத்தை வளைத்து எழுதியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.